மறு அழைப்பு மடல்



நோய் தரும் துன்பம் ஒன்று. நோயைப் பற்றித் தெளிவின்றி எழுதப்பெறும் மடல் தரும் துன்பம் மற்றொன்று. முன்னதற்கு மருத்துவம் வேண்டும். பின்னதற்கு நல்ல மொழிநடையே மருந்து.

இங்கிலாந்தைப் பாருங்கள்! அந்நாட்டு நலவாழ்வுத் துறை, மார்பகப் புற்றுநோயை முன்னறியும் ஆய்வை 1988 முதல் நடத்தி வருகின்றது. 50 முதல் 70 வரை அகவையுள்ள மகளிர் மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கப்பெறுகின்றனர். ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பெற்ற நூற்றுவருள் ஏறத்தாழ நால்வர் மேலாய்வுக்கு மீண்டும் அழைக்கப்பெறுகின்றனர். அந்நால்வருள்ளும் புற்று உள்ளவர் ஒருவரே. ஏனை மூவர்க்கு அந்நோய் இல்லை.

ஆயின், மடலைப் பிரிக்கும் தாய்க்கு இக்கணக்குத் தெரியுமா? "தங்கள் படத்தில் இயல்பு மீறிய நிலை தென்படுகின்றது, உடன் வருக" என்று மட்டும் எழுதினால், அவர் அப்பொழுதே தமக்குப் புற்று என்று முடிவு கட்டிக்கொள்வார். உறக்கம் கெடும், உணவு செல்லாது. அச்சம் மிகுந்து, ஆய்வுக்கே செல்லாது ஒழியவும் கூடும்.

அற்றாயின், "அஞ்சற்க, ஒன்றுமில்லை" என்று எழுதலாமோ? கூடாது! நால்வருள் ஒருவர்க்கு அது பொய்யுரை. அதனை நம்பி அவர் வாராது விட்டால் உயிர்க்கே ஊறு.

பின் எங்ஙனம் எழுதுவது? அழைப்பின் கரணியத்தை முதலில் சொல்லுக: படம் தெளிவாக இல்லையா, மேலும் பார்க்கவேண்டிய இடம் உளதா என்பதை மறையாது எழுதுக. "இவ்வாறு அழைக்கப்பெறும் நால்வருள் மூவர்க்குப் புற்று இல்லை, எனினும் உறுதி செய்தற்குத் தாங்கள் வருதல் வேண்டும்" என்று கணக்கையும் கடமையையும் ஒருங்கே வைக்க. அங்கு நிகழ்வன யாவை? மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தல், மீண்டும் படம் எடுத்தல், கேளா ஒலி ஆய்வு, வேண்டுமாயின் ஊசியால் சிறு சதைத் துணுக்கு எடுத்தல் ஆகியவற்றை முன்கூட்டியே கூறுக. நாள், இடம், ஆகும் நேரம், ஐயம் கேட்கத் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனித்தனி வரியில் தருக. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்பதையும் மறவற்க.

மருத்துவக் கலைச்சொற்கள் மருத்துவர்க்கு மருத்துவர் எழுதும் ஏட்டில் இருக்கட்டும். நோயுற்றாரோ என்று கலங்கும் ஒருவர்க்கு எழுதுவோர், மடலை விடுக்குமுன், மருத்துவம் கல்லாத ஒருவர்க்கு அதனைப் படித்துக் காட்டுக. "அடுத்து என்ன செய்யவேண்டும்?" என்று அவர் வினவுவாராயின், அம்மடலை மீண்டும் எழுதுக!