எங்க அம்மா போட்ட மூணு கையெழுத்து



‘என் தாய்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னாங்க. எனக்கு மேடைப் பேச்சு வராது. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். அது ஏன் என்பதும் இந்தப் பேச்சிலேயே வரும்.

எங்க அம்மாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவங்க பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல மழை பெய்தாத்தான் வெள்ளாமை. மத்த நாளுக்குக் கல் குவாரிதான் கதி. அம்மா பதினாலு வயசுல சுத்தியலைப் பிடிச்சவங்க. அப்பா பாறை உடைப்பார், அம்மா ஜல்லி உடைப்பாங்க. கல்யாணம் ஆன வருஷம் குவாரிக்காரர்கிட்ட 1,500 ரூபாய் முன்பணம் வாங்கி, ஒரு தாள்ல கைரேகை வச்சாங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. எத்தனை வருஷம் உடைச்சும் அந்தக் கடன் அப்படியே நின்னுச்சு. கடன் இருக்கிறவரைக்கும் வேற குவாரிக்கும் போக முடியாது.

1991-ல நம்ம மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்துச்சு. அப்போ ஆட்சித் தலைவரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத் அம்மையார். ராத்திரி வேலை முடிஞ்சு, சோறாக்கி வச்சுட்டு, எல்லாரும் கோயில் திண்ணையில உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவாங்க. எனக்கு நாலு வயசு. அம்மா மடியில படுத்துக்கிட்டே தூங்கிடுவேன். கல்லு பிடிச்சுக் காய்ச்சுப்போன கையில பென்சில் நிக்காதாம். ‘சுத்தியலை விட பென்சில் கனம்டி’ன்னு பின்னால சொல்லிச் சிரிப்பாங்க.

அந்த இயக்கத்துலதான் பொம்பளைங்க சைக்கிள் ஓட்டவும் கத்துக்கிட்டாங்க. அம்மா ஓட்டினது ஆம்பளை சைக்கிள். முன்பாரில் ஒரு துண்டைச் சுத்தி என்னை உட்கார வச்சுக்கலாம், பின்னாடி குடத்தைக் கட்டிக்கலாம். ரோட்டோரத்துல நின்னு கேலி பேசினவங்களும் உண்டு. அம்மா பெல்லை அடிச்சுக்கிட்டே போயிருவாங்க.

அப்போ அரசாங்கம் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்துச்சு. எங்க ஊர்லயும் ஒரு குழு எடுத்தாங்க. அந்தப் பத்திரத்துல அம்மா கைரேகை வைக்கல, தன் பேரை எழுதினாங்க. அதுதான் முதல் கையெழுத்து. எத்தனை லோடு போச்சு, எவ்வளவு வரணும்னு அவங்களே கணக்கு எழுதினாங்க. பழைய முன்பணத்தையும் அடைச்சு, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிட்டு வந்து அடுப்புல போட்டாங்க. குத்தகை முடிஞ்சதும் பழையபடி கூலிக்குத்தான் போனாங்க. ஆனா அதுக்கப்புறம் எந்தத் தாளையும் படிக்காம தொட்டதில்லை.

இது வரைக்கும் சொன்னா எல்லாரும் கைதட்டுவீங்க. இரண்டாவது கையெழுத்தையும் சொல்லணும்.

2002-ல நான் பத்தாவதுல 391 மார்க் எடுத்தேன். அந்த வருஷம் அப்பா குவாரியில விழுந்து இடுப்பு போயிருச்சு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கினோம். தம்பி ஏழாவது படிச்சான். மில் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர் வந்தார். மூணு வருஷம் மில்லுலேயே தங்கி வேலை பார்த்தா, கடைசியில மொத்தமா முப்பதாயிரம் தருவாங்க, கல்யாணத்துக்கு ஆகும்னு சொன்னார்.

எங்க பள்ளிக்கூடத்துலயே பதினொன்னாவது இருந்துச்சு. தலைமையாசிரியர், ‘நல்லாப் படிக்கிற பொண்ணும்மா, டிசி வாங்காதீங்க’ன்னு ரெண்டு தடவை சொன்னார். அம்மா கடுதாசியை முழுசாப் படிச்சாங்க. அப்புறம் அடியில நிதானமா, ஒரு எழுத்துப் பிசகாம தன் பேரை எழுதினாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். எந்தக் கையெழுத்தைப் பார்த்து பெருமைப்பட்டேனோ, அதே கையெழுத்து. அன்னைக்குச் சைக்கிள்ல ஏறாம, அம்மா பின்னாடி நடந்தே வந்தேன்.

மூணு வருஷம் மில்லுல இருந்தேன். பணம் கடனுக்குப் போச்சு, மிச்சம் கல்யாணத்துக்கு ஆச்சு. உள்ளூர்லயே வாக்கப்பட்டேன். தினமும் அம்மாவைப் பார்ப்பேன். ஆனா அந்த டிசியைப் பத்தி நானும் கேட்கல, அவங்களும் பேசல. இருபத்திரண்டு வருஷம்.

2024-ல என் மக பிளஸ் டூ முடிச்சா. காலேஜுல சேரணும்னு அழுதா. ‘பொட்டப்புள்ளைக்கு எதுக்கு, கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வருது’ன்னு வீட்டுல பேச்சு. என் குழுவுல நான் ஏற்கெனவே மாட்டுக்கடன் வாங்கியிருந்தேன். என்னால வாய் திறக்க முடியல.

அம்மா அவங்க குழுக் கூட்டத்துல எழுந்து 20,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. கல் தூசி குடிச்ச நெஞ்சு, நாலு வார்த்தை பேசினா மூச்சு வாங்கும். ‘இந்த வயசுல நீங்க எப்படிக் கட்டுவீங்க?’ன்னு கேட்டிருக்காங்க. கேட்டது தப்பில்லை, சங்கப் பணம். ‘நூறுநாள் வேலைக் கூலியில கட்டுறேன். காரணம்னு இருக்கிற இடத்துல பேத்தி படிப்புன்னு எழுதுங்க’ன்னு சொல்லி, தீர்மான நோட்டுல கையெழுத்துப் போட்டாங்க. கை நடுங்கி எழுத்தெல்லாம் கோணலாப் போயிருச்சு. அது மூணாவது.

பணத்தை என் கையில கொடுத்தப்பதான் பேசினாங்க. ‘அன்னைக்கு எனக்குப் பேரெழுதத் தெரிஞ்சுதும்மா. எதுல எழுதக் கூடாதுன்னு தெரியலை’ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். அடுத்த தை மாசம் அம்மா போயிட்டாங்க.

மீதிக் கடனை நான் ஏத்துக்கிட்டேன், போன மாசம் முடிச்சேன். மக இப்போ இரண்டாம் வருஷம். புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வருது, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகுது.

அம்மா மேல எனக்குக் கோபமே இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா அன்னைக்கு அவங்க பக்கத்துல ஒரு குழு உட்கார்ந்திருந்தா, அவங்க கை வேற மாதிரி எழுதியிருக்கும். அதை நான் நிச்சயமா நம்புறேன்.

அக்கா தங்கச்சிகளே, ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் உங்க குழுவோட கடன் பதிவேட்டைத் திறந்து பாருங்க. ஆம்பளைப் பிள்ளை படிப்புக்கு எத்தனை கடன், பொம்பளைப் பிள்ளை படிப்புக்கு எத்தனை கடன்னு எண்ணிப் பாருங்க. நான் எங்க குழுவுல எண்ணிப் பார்த்தேன். ஆறுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் இந்த வருஷம்தான் கொடுத்தோம். அடுத்த ஆண்டு விழாவுக்குள்ள அதைச் சரிபண்ணணும்.