தள்ளாடும் கால்களுக்குத் துணை



உட்காதிலுள்ள 3 அரைவட்டக் குழல்கள், கண்கள், பாதங்கள் இவை ஒத்துழைப்பதால்தான் நாம் விழாமல் நிற்கிறோம். தலைசுற்றல் உட்காதிலிருந்தும் வரலாம் என்று 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் மெனியேர் எடுத்துக்காட்டினார்.

நாங்கள் படுக்கையருகே கண்டது இது: சுற்றலைவிட, விழுந்துவிடுவோமோ என்ற பயமும், குடித்திருக்கிறார் என்று பிறர் எண்ணுவார்களோ என்ற வெட்கமுமே இவர்களை வீட்டுக்குள் முடக்குகின்றன. ஆலயத்துக்கு வருவதும் நின்றுவிடுகிறது. படுத்தே கிடந்தாலோ மூளை சமநிலையைத் திரும்பக் கற்றுக்கொள்ளாது. மருத்துவர் சொல்லும் தலை, கண் பயிற்சிகளும் அன்றாட நடையும் வேண்டும்.

இருளில் கண்ணின் துணை இல்லை. ஆகவே இரவில் சிறு விளக்கு எரியட்டும். எழும்போது கட்டில் விளிம்பில் சற்று உட்காரட்டும்.

உங்கள் சபையில் இப்படி ஒருவர் இருந்தால் கைபிடித்து இழுக்காதீர்கள். அவர் பிடித்துக்கொள்ள உங்கள் கையை நீட்டுங்கள். அவர் நடைக்கு நாமும் நடப்போம்.