தொலைந்த ஃபைல்களைத் தேடி...
(ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைல் எடுக்கிற ஆசாமி ஒருத்தன் நம்ம செட்டுல இருக்கான், அவனைப் பேசச் சொல்லுங்க" என்று யாரோ செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அவரைச் சாப்பாட்டுப் பந்தியில் கவனித்துக்கொள்கிறேன். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு.

ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கிற வட்டத் தட்டுகள் இருக்கும். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும். அவற்றின் மேல் 'ஹெட்' என்கிற பொடித் துண்டு, தட்டைத் தொடாமல் காற்றில் மிதந்தபடி படிக்கும், எழுதும். நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (எனக்கு அந்த அளவுகோலும் இப்போது கைவசம் இல்லை!) டிஸ்க் கீழே விழுந்தால் ஹெட் வளையும். அப்புறம் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வரும். படிக்க முடியாத ஹெட் தன் இடத்தைத் திரும்பத் திரும்பத் தேடுகிற சத்தம் அது. வளைந்த ஹெட் தட்டில் உரசினால் மேலே உள்ள காந்தப் பூச்சு பொடியாக உதிரும். பொடியிலிருந்து யாராலும் ஒரு எழுத்தைக்கூட எடுக்க முடியாது.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானில் சிதறியதை மறந்திருக்க மாட்டீர்கள். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அந்தக் கலத்தில் செனான் வாயுவை வைத்து ஒரு பாகுநிலைச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அதன் விவரங்களில் ஒரு பங்கு மட்டும் ஒரு டிஸ்க்கிலேயே இருந்துவிட்டது. அரை ஜிபி கூடக் கொள்ளாத சின்ன டிஸ்க். சில மாதம் கழித்து, வறண்ட ஏரிப் படுகையில் கிடந்ததை எடுத்தார்கள். பார்த்தால் கரிக்கட்டை. உள்ளே மண் புகுந்திருந்தது.

மின்னியாபோலிஸ் நகருக்கு அருகில் உள்ள ஒரு மீட்புக்கூடத்துக்கு அது போனது. அங்கே தட்டுகளைக் கழற்றி, ரசாயனத்தால் துடைத்து, வேறொரு புது டிஸ்க்கின் உடம்பில் பொருத்தினார்கள். ஏறத்தாழ 99 சதவீதம் கிடைத்துவிட்டது. ஆய்வுக் கட்டுரை 2008இல் வெளிவந்தது. எப்படி முடிந்தது? டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. பழைய டாஸ் முறை விவரங்களை ஒரே பக்கமாக அடுக்கி வைத்திருந்தது. மண் குத்திய இடம் எழுதாத வெற்றிடம். அதிர்ஷ்டமும் உண்டு. அதே கலத்திலிருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றும் தேறவில்லை. என் கணக்கில் இன்னொரு காரணமும் உண்டு: ஏரிக்கரையில் கிடந்த டிஸ்க்குக்கு யாரும் கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லை!

சிரிக்கிறீர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். முப்பது வருடம் ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் டேப்பில் பிடித்தவர். எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் டேப்புகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தது. விழுந்ததோடு கொண்டுவந்திருந்தால் பெரும்பகுதி தேறியிருக்கும் என்பது என் கணிப்பு. பையன் கெட்டிக்காரன். பத்து நாள் திரும்பத் திரும்பச் சொருகியிருக்கிறான். ராத்திரி முழுக்க ரிப்பேர் சாஃப்ட்வேர் ஓட்டியிருக்கிறான். யாரோ சொன்னார்களென்று ஃப்ரீஸரிலும் வைத்திருக்கிறான். தட்டில் வட்டவட்டமாகக் கோடு. கால்வாசிகூடத் தேறவில்லை. தேறியதில் ஒரு தாலாட்டு, பாதி அடியில் அறுந்து நின்றது. "இந்தம்மா இப்ப இல்லீங்க" என்றார் ஆசிரியர். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

தவறி அழித்த ஃபைல் வேறு ஜாதி. டாஸ் காலத்தில் அழித்த ஃபைலை மீட்கும்போது, பெயரின் முதல் எழுத்து என்னவென்று கம்ப்யூட்டர் நம்மையே கேட்கும், ஞாபகம் இருக்கிறதா? அழிப்பது என்றால் பட்டியலில் அந்த ஒரு எழுத்தின் மேல் குறி போட்டு, 'இந்த இடம் காலி' என்று எழுதுவதுதான். சரக்கு அங்கேயே கிடக்கும், வேறொன்றை அதன்மேல் எழுதும்வரை. ஆகவே அந்த டிஸ்க்கில் எதையும் சேமிக்காதீர்கள். மீட்கிற சாஃப்ட்வேரைக்கூட அதிலேயே ஏற்றாதீர்கள். ஆனால் இப்போது வருகிற எஸ்எஸ்டியில் இந்தச் சலுகை அநேகமாகக் கிடையாது. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். வேகமாக ஓடுகிறது என்று பெருமைப்படுகிறோமே, அதற்கு இது விலை.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நம்மில் பலர் பட்டே தெரிந்துகொண்டோம். நனைந்த டிஸ்க்கை வெயிலில் வைக்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். காய்ந்தால் சேறு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி அப்படியே கொண்டு வாருங்கள். வீட்டில் திறந்து பார்ப்பது வேண்டவே வேண்டாம். தூசியில்லாத அறையில்தான் திறக்க வேண்டும். அதனால்தான் செலவும் கூடுதல். கேட்டதும் சிலர் முறைக்கிறார்கள், என்ன செய்ய?

நம் சங்க உறுப்பினர்களின் விலாசம், பழைய மலர்கள், மறைந்த ஆசிரியர்களின் படங்கள் எல்லாம் அலுவலகத்தில் ஒரே ஒரு டிஸ்க்கில் இருப்பதாகக் காலையில் செயலாளர் சொன்னார். அதற்கு ஏழு வயதாம். காலி டிஸ்க் இரண்டு பையில் கொண்டுவந்திருக்கிறேன். சாவியைக் கொடுத்தால், பந்தி போடுவதற்குள் நகல் எடுத்துவிடலாம். ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும். இன்னொன்றை வெளியூரில் இருக்கிற உறுப்பினர் யாராவது வீட்டுக்கு எடுத்துப்போங்கள். யார் என்று இப்போதே கை தூக்கினால் நல்லது.