விரும்பும் பறவையும் அறியும் பறவையும்



பறவைகளை நோக்குவோரிடம் ‘விருப்பமான பறவை எது?’ என்று வினவினால் ஒற்றை விடை கிடைப்பது அரிது. நீர்ப்பறவைகளுள் ஒன்று, புல்வெளிப் பறவைகளுள் ஒன்று, கூடு முடைவனவற்றுள் ஒன்று என இனந்தோறும் ஒன்றைச் சுட்டுவர். தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் புள்ளையும் வைத்தார். குறிஞ்சிக்கு மயில், முல்லைக்குக் காட்டுக்கோழி, பாலைக்குப் பருந்து எனத் திணைதோறும் பறவை வகுத்தது தமிழ்.

ஆயினும் விருப்பம் எதனால் பிறக்கிறது என்பது எண்ணத்தக்கது. வேடந்தாங்கலுக்குப் புதிதாகச் செல்வோரின் கண் பருத்த கூழைக்கடாவின் மீது படியும். பழகிய கண்ணோ நத்தைகுத்தி நாரையைத் தேடும். அலகை மூடிய பின்னும் அதன் நடுவே ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பற்றி உண்பதற்கேற்ற அமைப்பு அது. அவ்வூர் மக்களின் விருப்பமோ வேறு வழியில் பிறந்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். அதனால் வேட்டையைத் தடுத்தனர். 1798இல் ஆட்சியரிடம் காப்புரிமையும் பெற்றனர்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் (1896–1987) வாழ்வும் இதற்குச் சான்றாகும். சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது. ‘இது என்ன சிட்டு?’ என்னும் வினா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. 1930இல் கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் அவர் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதி முடைந்து காத்திருக்கும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்ற பின்னரே மீதியை முடிக்கும். பின்னர் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை நாடும். குருவிக் கூட்டை இல்லறத்தின் உவமையாக மட்டும் கண்டவர்க்கு இவ்வுண்மை வியப்பளிக்கும்.

இனி, கானமயிலுக்கு வருவோம். மூதுரையில் ஔவையார் சுட்டும் கானமயில் காட்டில் வாழும் மயிலே ஆகும். இக்காலப் பறவை நூலாரோ அப்பெயரைப் புல்வெளியில் வாழும் வேறொரு பெரும்பறவைக்கு வழங்குகின்றனர். தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் சாலிம் அலி இக்கானமயிலையே பரிந்துரைத்தார். 1963இல் அப்பெருமை மயிலுக்குச் சென்றது. புராணமும் சிற்பமும் கவிதையும் மயிலின் பக்கம் நின்றன. புல்வெளிப் பறவைக்காகப் பேச எவரும் இலர்.

விளைவு யாது? மயில் இன்று வயல்களிலும் ஊர்ப்புறங்களிலும் பெருகியுள்ளது. கானமயிலோ 2011இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பெற்றது. எஞ்சியவை 200க்கும் குறைவு. பெரும்பாலானவை இராசத்தானில் உள்ளன. தமிழகத்தில் அது இன்று இல்லை. பருவத்திற்குப் பெரும்பாலும் ஒரு முட்டையே இடும் இப்பறவைக்கு நேர் எதிரே உள்ளதைக் காணும் ஆற்றல் குறைவு; ஆதலின் மின்கம்பிகளில் மோதி மடிகிறது. புல்வெளிகளைப் பயனற்ற ‘தரிசு’ எனக் குறித்ததும் அதன் வாழிடத்தைச் சுருக்கிற்று. 2019 முதல் சைசல்மேர் அருகே முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வளர்த்து வருகின்றனர்.

விருப்பம் இருந்தால் மட்டும் ஓர் இனம் பிழைத்துவிடாது என்பது உண்மையே. எனினும் எவர் சொல்லிலும் இடம்பெறாத உயிர் எவர் கவனத்திலும் இடம்பெறுவதில்லை. ‘ஏதோ ஒரு பறவை’ என்று எழுதும் கவிஞர் அதன் பெயரைக் கேட்டறியட்டும். ஒரு பருவமேனும் அதனை நோக்கட்டும். மயிலைப் பாடக் கவிஞர் பலர் உளர். கானமயிலுக்கு ஒருவரேனும் வேண்டும். அது பறந்துகொண்டிருக்கும் காலத்திலேயே வேண்டும்.