அக்காள் கொண்டுவந்த பள்ளிக்கூடம்



பெற்றோரை இழந்த உடன்பிறப்புகள் நால்வர், கைவிடப்பட்ட சரக்கு ரயில்பெட்டியில் குடியேறி வாழும் கதையே, அமெரிக்கப் பள்ளி ஆசிரியை கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர் எழுதிய 'தி பாக்ஸ்கார் சில்ட்ரன்' என்னும் சிறுவர் நாவல். 1924இல் வெளிவந்த அந்நூல், 1942இல் எளிய நடையில் திருத்தி அமைக்கப்பெற்றது. பெரியோர் துணையின்றிப் பிள்ளைகள் இத்துணை மகிழ்ந்திருப்பதா என நூலகத்தார் சிலர் எதிர்த்ததும் உண்டு.

அர்ச்சுனா நதிக்கரை ஆனைக்குட்டத்து மாணவி ஒருத்தி இந்நாவலைப் படித்தாள். மூத்தவன் ஹென்றி வேலைக்குச் சென்று காசு கொண்டுவருவது அவளுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி அடுக்கிய கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். அவள் உள்ளம் நிலைத்த இடம் வேறு. அக்காள் ஜெஸ்ஸி, கடைக்குட்டி பென்னிக்குப் படிக்கக் கற்பிக்கும் இடம் அது. "அண்ணன் சோறு கொண்டுவந்தான், அக்காள் பள்ளிக்கூடத்தையே கொண்டுவந்தாள். பாட்டியின் அக்காளும் வேலைக்குத்தான் போனாள்; பாட்டிக்குக் கற்பிக்க எவருமில்லை" என்று எழுதினாள்.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 10.12.1996 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றமும், பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்பதோடு நில்லாது, அவர்தம் கல்விக்கும் வழி வகுத்தது. சட்டம் வேண்டியதும் மாணவி ஏங்கியதும் ஒன்றே. அவ்வேக்கத்தால் அயல்நாட்டுக் கதை ஆனைக்குட்டத்துக் கதையாயிற்று.