முதல் ஆய்வுக் கட்டுரை

தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, முதல் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பத் தயங்கி நிற்கும் தம்பி தங்கைகளை மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன்.

நம் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் போய்விடலாம். அங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. மனோன்மணீயம் நாடகத்தால் எல்லாரும் அவரை அறிவோம். ஆராய்ச்சியாளராக அவர் செய்த வேலையைப் பற்றித்தான் பேச்சுக் குறைவு.

திருஞானசம்பந்தரை மொழியறிஞர் கால்டுவெல் 13-ஆம் நூற்றாண்டில் வைத்திருந்தார். சம்பந்தர் காலத்துக் கூன் பாண்டியனும் மார்க்கோ போலோ சொல்லும் சுந்தர பாண்டியனும் ஒருவரே என்று கொண்டதால் வந்த கணக்கு அது. 1890-களில் சுந்தரம் பிள்ளை அதை மறுத்து எழுதினார். பெரியவர் சொன்னதை எதிர்த்தார் என்பதை விட, எந்த அளவோடு நின்றார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சம்பந்தர் பிறந்த ஆண்டு இதுதான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்றார். சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே. பின்னர் கல்வெட்டறிஞர் வெங்கய்யா, சம்பந்தர் காலத்தவரான சிறுத்தொண்டரை வாதாபிப் போரோடு இணைத்துக் காட்டியபோதும் சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டினர் என்பதே உறுதிப்பட்டது.

உங்கள் கட்டுரையிலும் அவர் செய்ததையே செய்து பாருங்கள். இதுவரை யார் என்ன சொன்னார்கள், அதில் எது போதவில்லை, நீங்கள் புதிதாகக் காட்டுவது என்ன? இந்த மூன்றையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை அப்படியே வெட்டி அனுப்பினால் இது நடக்காது. ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். முடிவு என்ன என்று அதில் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எந்த ஜர்னல்? அதன் பழைய இதழ்கள் சிலவற்றை வாசித்த பிறகே தீர்மானியுங்கள். மேற்கோள் முறை, சொல் எண்ணிக்கை ஆகியவற்றை அவர்கள் கேட்டபடியே அமையுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பக் கூடாது.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான ஜர்னல்கள் என்று 2019-இல் வெளியிட்ட கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டது. நல்ல ஜர்னலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது நம்முடையது. பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் யுஜிசி 2022-இல் நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதியைக் கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இல்லையென்றால் அவசரமும் வேண்டாம்.

கட்டுரையை அனுப்பிய பின் மதிப்பீட்டாளர் குறிப்பு வந்ததும் உடனே பதில் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்து எடுத்து, ஒவ்வொரு கேள்வியின் கீழும் என்ன திருத்தினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். உடன்படாத இடத்தில் சான்றோடு மறுக்கலாம். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.