பத்திராதிபர் தேடுவது யாது?



புத்தளக் கரையோரத்திலே வாழும் இளைஞர் ஒருவர் சிறுகதை ஒன்றெழுதி, இலக்கியச் சஞ்சிகைக்கு அனுப்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கதை சென்னையிலே நிகழ்கின்றது. கதாநாயகன் மெரீனாக் கடற்கரையில் உலாவுகின்றான். எழுதியவரோ சென்னையைக் கண்டவரல்லர். அவர் வீட்டுக்கு எதிரே களப்பு. அப்பால் வெயிலிலே மின்னும் உப்பளங்கள். அவற்றைப் பற்றிக் கதையில் ஒரு சொல்லேனும் இல்லை. கதை திரும்பி வருகின்றது. தமக்குத் திறமையில்லை என்றெண்ணி அவர் எழுதுவதையே விட்டுவிடுகின்றார். இது பெரும் நட்டம். குறை அவர் திறமையிலன்று. எடுத்துக்கொண்ட பொருளிலேயே உள்ளது.

விஷயதானங்களிலே பத்திராதிபர் முதலில் தேடுவது, எழுதியவர் தாமே கண்டறிந்த உண்மையை. உடப்பிலே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் எவ்விடத்தில் ஓங்கும், மடி கரையேறுகையில் மீன் குறைந்திருப்பின் சம்மாட்டியாரின் முகம் எவ்வாறு மாறும் என்பனவற்றை அங்கு வாழ்பவரன்றி வேறு எவர் எழுதவல்லார்? 1990-ஆம் ஆண்டில் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்திலே குடியமர்ந்தனர். வந்தோரும் முன்னரே இருந்தோரும் கிணற்றடியில் முதன்முதல் பேசிக்கொண்டவை யாவை? அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். இன்று எழுதாதது நாளை எழுதவியலாததாகிவிடும்.

ஈழத்துப் பத்திராதிபர்கள் இதனை நெடுநாள் முன்னரே உணர்ந்திருந்தனர். 1959-இல் தினகரன் ஆசிரியரான க. கைலாசபதி, ஈழத்து மண்ணையும் மக்களையும் பொருளாகக் கொண்ட எழுத்துக்கு ஊக்கமளித்தார். யாழ்ப்பாணத்திலே சிகையலங்கார நிலையத்திற் பணிபுரிந்த டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கிய ‘மல்லிகை’, நாற்பதாண்டுகளுக்கு மேலாக இளம் எழுத்தாளர் பலருக்குக் களமாய் விளங்கிற்று. கதைமாந்தர் பேச்சைப் பேசுமாறே எழுதுதல் தகுமோ என்று 1960-களில் ஈழத்திலே பெரும் விவாதம் மூண்டது. அதனைக் கடந்து வந்தமையாலேயே இன்று கடற்றொழிலாளியின் பேச்சு கதையிலே கூச்சமின்றி ஒலிக்கின்றது.

அடுத்து அவர் தேடுவது சுருக்கம். உப்பளத்திலே கடல்நீரைப் பாத்தியிற் பாய்ச்சி, வெயிலிலே வற்றவிட்ட பின்னரே உப்பு விளைகின்றது. எழுதியதையும் அவ்வாறே சில நாள் ஆறவிடுதல் வேண்டும். மீண்டும் படிக்கும்போது, நீண்ட முன்னுரையும் முடிவிலே ஒட்டிய உபதேசமும் மிகையெனத் தாமே தோன்றும். தயங்காது நீக்கிவிடுக.

மூன்றாவது, சிறு ஒழுங்குகள். அனுப்பவிருக்கும் சஞ்சிகையின் சில இதழ்களையேனும் முதலிற் படியுங்கள். ஒரே ஆக்கத்தை ஒரே வேளையில் இரு சஞ்சிகைகளுக்கு அனுப்பாதீர்கள். கையெழுத்தாயினும் கணினியெழுத்தாயினும் பிழைதிருத்தி, பெயரும் முகவரியும் தெளிவாகக் குறித்து, பிரதியொன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இவை அற்பமானவை அல்ல. படிப்பவர்பால் எழுதுபவர் காட்டும் மரியாதை.

இனி, கதை திரும்பி வந்த அவ்விளைஞருக்கு ஒரு வார்த்தை. தம்பி, திரும்பி வந்தது கதை மட்டுமே. நீர் கண்டவையெல்லாம் இன்னும் உம்மிடமே இருக்கின்றன. எதிரே தெரியும் களப்பிலிருந்து மறுபடி தொடங்கும். அக்கதைக்காகப் பத்திராதிபர் காத்திருக்கின்றார்.